குடும்பத்தோடு வரும் பிரஷரும் உடல் பருமனும்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)





மாதந்தோறும் நாங்கள் போடும் பி.பி. மேஜைக்கு நீங்கள் வருகிறீர்கள். அளவு கூடுதலாக இருக்கிறது என்று சொன்னதும் இரண்டு விதமான பதில்தான் பெரும்பாலும் வரும். ஒன்று, "எங்க வாப்பாவுக்கும் இருந்துச்சு, அவங்க உம்மாவுக்கும் இருந்துச்சு, எங்க குடும்பத்துக்கே உள்ளது, அதுக்கு என்ன செய்ய முடியும்?" என்பது. இன்னொன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: "வெளியே யார்ட்டயும் சொல்லிராதீங்க, பிள்ளைக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம்." முதலாமவர் கைவிட்டுவிட்டார், இரண்டாமவர் மறைக்கிறார். இருவருமே ஒன்றை நம்புகிறார்கள்: இது ரத்தத்தில் வருவது, வந்தால் போகாது. இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு நாமாகச் சேர்த்துக்கொண்டது என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம். உடல் பருமனையும் சேர்த்தே பேசுகிறோம். அதுவும் இதுவும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

தாய் தகப்பனின் சாயல் மட்டுமல்ல, பல தலைமுறைக்கு முந்தியவர்களின் சாயலும் பிள்ளையிடம் வரும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் ஒன்றை ஆலிம்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தன் நிறத்தில் இல்லாத பிள்ளை பிறந்துவிட்டதே என்று ஒரு கிராமவாசி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து சந்தேகத்தோடு சொன்னார். நபியவர்கள் அவருடைய ஒட்டகங்களின் நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள். சிவப்பு ஒட்டகங்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒன்று எப்படி வந்தது என்று கேட்டு, முன்னோர் வழியில் வந்திருக்கும் என்ற பதிலை அவர் வாயாலேயே வரவழைத்து, உன் பிள்ளைக்கும் அப்படி இருக்கலாமே என்று உணர்த்தினார்கள். பரம்பரையை ஒருவர் மீது பழி போடக் காரணமாக்காதீர்கள் என்பதை நாங்கள் அதில் பார்க்கிறோம். இன்றைய பேச்சுக்கு அது மிகவும் தேவை.

முதலில் உடல் எடை.

நம் வீடுகளில் குண்டாக இருப்பவரைப் பார்த்து என்ன சொல்கிறோம்? "வாயக் கட்டத் தெரியல." குறிப்பாகப் பெண் பிள்ளைகளை. ஒரே வீட்டில் அக்கா ஒல்லி, தங்கை பருமன் என்றால், தங்கையின் சோற்றுத் தட்டை எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள் சொல்லிவிட்ட வார்த்தையை அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கும். இது நியாயமா என்று பார்க்க, டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முழுமையான பதிவேடு உண்டு. அதிலிருந்து, வளர்ந்து பெரியவர்களான 540 பேரின் எடையை, பெற்றவர்களின் எடையோடும் வளர்த்தவர்களின் எடையோடும் ஸ்டங்கார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டார்கள். 1986ஆம் ஆண்டு வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. பிள்ளைகளின் எடை, பெற்றவர்களின் எடையை ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களின் எடையோடு தொடர்பே தெரியவில்லை. ஒல்லியானவர்களிலிருந்து மிகப் பருமனானவர்கள் வரை இதே கதைதான்.

அதே ஸ்டங்கார்ட், வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1990இல் ஸ்வீடன் நாட்டு இரட்டையர்களைப் பார்த்தார். ஒரே கருவிலிருந்து பிரிந்து, அச்சு வார்த்தது போல இருக்கும் இரட்டையர்களில் சிலர் சிறு வயதிலேயே பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள். அப்படி 93 ஜோடிகள். வேறு அடுப்பு, வேறு சாப்பாடு. ஆனால் எடை விஷயத்தில் ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையர்களைப் போலவே அவர்களும் ஒருவரை ஒருவர் ஒத்திருந்தார்கள்.

கனடாவின் கியூபெக்கில் இன்னொரு சோதனை நடந்தது. 12 ஜோடி இரட்டைச் சகோதரர்கள், இளைஞர்கள். அவர்களை 100 நாள் தங்கவைத்து, வாரத்தில் 6 நாள், தேவைக்கு மேல் தினமும் 1000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு மிகைச் சாப்பாடு. சராசரியாக 8 கிலோ ஏறியது. ஆனால் ஒருவருக்கு 4 கிலோ சொச்சம்தான் ஏறியது, இன்னொருவருக்கு 13 கிலோ ஏறியது! ஒரு சகோதரருக்கு அதிகம் ஏறியிருந்தால் அவருடைய இரட்டைக்கும் அதிகம், ஒருவருக்குக் குறைவு என்றால் மற்றவருக்கும் குறைவு. ஒரே சஹனில் உட்கார்ந்து ஒரே அளவு சாப்பிட்டு எழுந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் வயிறு முன்னால் வருவது நாம் பார்ப்பதுதானே. அவர் அதிகம் சாப்பிட்டார் என்று அவசரப்பட்டு முடிவு செய்துவிட முடியாது. அவருடைய உடம்பு சேமித்துவைக்கும் உடம்பு.

இப்படி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துத்தான், மனிதருக்கு மனிதர் எடை வேறுபடுவதில் 40 முதல் 70 சதவீதம் வரை மரபு காரணம் என்று சொல்கிறார்கள். இந்தச் சதவீதத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். 80 கிலோ எடையுள்ளவரிடம் 50 கிலோ மரபு, 30 கிலோ பிரியாணி என்று இதற்கு அர்த்தமில்லை. ஓர் ஊரில், ஒரே மாதிரியான சூழலில் வாழ்பவர்களுக்கிடையே தெரியும் வித்தியாசத்தில் மரபின் பங்கு எவ்வளவு என்பதுதான் அது. ஊரின் சூழலே மாறினால் எல்லோருடைய எடையும் சேர்ந்து ஏறும். நம்முடைய வாப்பும்மாக்கள் காலத்துக்கும் இன்றைக்கும் நடுவே நம் மரபணுக்கள் மாறிவிடவில்லை. மாறியது அம்மியும் உரலும், நடையும், எண்ணெய் டின்னின் அளவும், சாயங்கால பேக்கரியும்தான்.

சரி, மரபு எப்படி வேலை செய்கிறது? பலரும் நினைப்பது போல "கொழுப்பு மரபணு" என்று ஒன்று இல்லை. 2007இல் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் ஒரு வகை மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என இரண்டு பிரதியும் அந்த வகையாக உள்ளவர், ஒன்றுமே இல்லாதவரைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை இருக்கிறார். சாதாரண உடல் பருமனில் இவ்வளவு பேரிடம் இவ்வளவு தெளிவாகத் தெரியும் மரபணுவே வெறும் 3 கிலோ என்றால், மற்றவை கிராம் கணக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பல வேலை செய்வது வயிற்றில் இல்லை, மூளையில். பசி எப்போது எடுக்கிறது, போதும் என்ற உணர்வு எப்போது வருகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில். ஆகவே "போதும்" என்ற மணி சிலருக்குச் சற்றுத் தாமதமாக அடிக்கிறது. வயிற்றை மூன்று பங்காக்கச் சொன்ன நபிவழி எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அதை நிறைவேற்றுவதில் ஒருவருக்கு உள்ள சிரமம் மற்றவருக்கு இல்லை. இதை உணர்ந்தவர் அடுத்தவரைக் கேலி செய்ய மாட்டார்.

நல்ல செய்தியும் உண்டு. இந்த எஃப்.டி.ஓ. மாற்றம் உள்ளவர்களை வைத்து 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை 2011இல் தொகுத்துப் பார்த்தார்கள். உடலுக்கு உழைப்பு கொடுப்பவர்களிடம் அந்த மரபணுவால் வரும் பருமன் ஆபத்து ஏறத்தாழ கால் பங்குக்கும் சற்று மேல் குறைந்திருந்தது. பஜ்ருக்குப் பிறகு நடப்பவருக்கும் மறுபடி படுத்துக்கொள்பவருக்கும் ஒரே மரபணு ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

இங்கே கொஞ்சம் விலகி ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய ஒரு குடும்பம். தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே திருமணம் செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் உறவுமுறையான இரண்டு குழந்தைகள். பிறக்கும்போது சாதாரண எடைதான். சில மாதங்களிலேயே அடங்காத பசி. எட்டு வயதுப் பெண் குழந்தை 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. அந்தத் தாய்மார்கள் எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் திசு "சேமிப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்லி அனுப்பும் லெப்டின் என்ற சுரப்பு அந்தக் குழந்தைகளின் உடலில் இல்லை. லெப்டினே 1994இல்தான் அமெரிக்காவில் ஃப்ரீட்மேன் குழுவினரால் கண்டறியப்பட்டிருந்தது. பிறகு அந்தப் பெண் குழந்தைக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோ குறைந்தது. எல்லாக் குழந்தையையும் போலப் பசித்து, எல்லாக் குழந்தையையும் போல நிறுத்திக்கொண்டது. ஒழுக்கக் குறைவு என்று ஊர் நினைத்திருக்கக்கூடிய ஒன்று, ஒரே ஒரு சுரப்பின் குறைவு!

இது மிக மிக அரிதானது. உங்கள் வீட்டுப் பருமனான பிள்ளைக்கு இதுதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் பிறந்த முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே கட்டுக்கடங்காத பசியும் வேகமான எடை ஏற்றமும் இருந்தால், குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி மரபுச் சோதனை தேவையா என்று கேட்பது நல்லது.

இந்தக் கதையைக் கேட்டதும் உறவுத் திருமணத்தைப் பற்றிக் கேள்வி எழும். மழுப்பாமல் சொல்கிறோம். மார்க்கத்தில் மாமன் மகளையோ, சாச்சா மகளையோ, பெரியம்மா மகளையோ மணமுடிப்பது ஆகுமானது. அதை யாரும் ஹராம் என்று சொல்லவில்லை. ஆகுமானது என்பதற்காகச் செய்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. லெப்டின் குறைபாடு போன்றவை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தால்தான் வெளிப்படும். தாத்தா ஒருவரே என்றால் அதே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. தலைமுறைக்குத் தலைமுறை உறவுக்குள்ளேயே கொடுத்து வாங்கினால் இன்னும் கூடுகிறது. ஆனால் நாம் இன்று பேசும் சாதாரண பிரஷரும் சாதாரண பருமனும் அப்படி ஒற்றைப் பழுதால் வருபவை இல்லை. அவற்றுக்கு உறவுத் திருமணத்தைக் காரணம் காட்ட வேண்டாம். குடும்பத்தில் ஏற்கெனவே பிறவிக் குறையோடு பிள்ளைகள் பிறந்திருந்தால், அடுத்து உறவுக்குள் நிச்சயம் செய்வதற்கு முன்னால் மரபியல் ஆலோசனை பெறுங்கள் என்பதோடு இதை நிறுத்திக்கொள்கிறோம்.

இனி ரத்த அழுத்தம்.

ரத்த அழுத்தம் மனிதருக்கு மனிதர் வேறுபடுவதில் மரபின் பங்கு 30 முதல் 50 சதவீதம் என்கிறார்கள். எடையைவிடக் கொஞ்சம் குறைவு. 2018இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுக்களைப் பரிசோதித்த ஆய்வோடு சேர்த்து, அதுவரை அழுத்தத்தோடு தொடர்புள்ள 901 இடங்கள் மரபணுத் தொகுதியில் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொன்றும் ஏற்றுவது பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் குறைவு. சில்லறை சில்லறையாகச் சேர்ந்து ஒரு குடும்பத்தில் கனமாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கனத்தை லேசாக எண்ணவும் முடியாது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த 1160 ஆண்களை 54 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தாய் தகப்பன் இருவருக்கும் பிரஷர் இருந்தால், இருவருக்குமே இல்லாதவரைவிடப் பிரஷர் வரும் ஆபத்து 2.4 மடங்கு. இருவருக்கும் 55 வயதுக்கு முன்பே வந்திருந்தால் 6 மடங்கு. அதுவும் 35 வயதில் பார்த்தால் 20 மடங்கு! எனவே உங்கள் பெற்றோருக்கு எந்த வயதில் வந்தது என்பது முக்கியமான தகவல். எழுபதில் வந்ததும் நாற்பதில் வந்ததும் ஒன்றல்ல. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மரபு எந்த இடத்தில் கைவைக்கிறது என்பதற்கு யேல் பல்கலைக்கழகத்தின் லிஃப்டன் என்பவர் ஒரு நல்ல விடை தந்தார். சிறு வயதிலேயே மிக அதிக அழுத்தம் வரும் அரிய குடும்பங்களை எடுத்து ஆராய்ந்தார். மரபணுக்கள் வேறு வேறாக இருந்தாலும், ஏறக்குறைய எல்லாமே சிறுநீரகம் உப்பைக் கையாளும் வழியில்தான் வந்து முடிந்தன. உப்பை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும் சிறுநீரகம், தண்ணீரையும் பிடித்துவைக்கிறது. குழாயில் அழுத்தம் ஏறுகிறது.

அப்படியானால் உப்பே இல்லாத இடத்தில்? பிரேசில் காடுகளில் வாழும் யானோமாமி மக்கள் சாப்பாட்டில் உப்பு சேர்ப்பதே இல்லை எனலாம். 1988இல் 32 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வில் அவர்களின் சராசரி அழுத்தம் 95/61. வயதாக ஆகவும் அது ஏறவில்லை. அவர்களிலும் உப்பைப் பிடித்துவைக்கும் சிறுநீரகத்தோடு பிறந்தவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பிடித்துவைக்க உப்பு கிடைக்கவில்லை. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து வேலை தேடி நைரோபிக்குப் போன லுவோ இன மக்களைக் கவனித்தார்கள். போன சில மாதங்களுக்குள்ளேயே, ஊரிலேயே இருந்துவிட்டவர்களைவிட அவர்களின் அழுத்தம் ஏறியது. உப்பு கூடியது, எடை கூடியது, காய்கறி பழத்திலிருந்து வரும் பொட்டாசியம் குறைந்தது. துபாய்க்கும் ரியாத்துக்கும் போன நம் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அறையில் 8 பேர், ராத்திரி 11 மணிக்குச் சாப்பாடு, ஊரிலிருந்து போகும் கருவாடும் ஊறுகாயும், விடுமுறைக்கு வரும்போது பத்து கிலோ கூடுதலாக வந்து இறங்குகிறார்கள். "நல்லா பூசினாப்ல இருக்கான், மாஷா அல்லாஹ்" என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். லீவில் வந்தவரை ஒரு நாள் எங்கள் மேஜைக்கு அழைத்துவாருங்கள்.

உப்பைப் பற்றி ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. நம் நாட்டு ஆய்வுகளில் 8 முதல் 11 கிராம் வரை வருகிறது. ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம், மாதத்துக்கு 750 கிராம். உங்கள் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாளில் தீர்கிறது? மாதம் முடிவதற்குள் இரண்டாவது பாக்கெட் உடைபடுகிறதா? அப்பளம், ஊறுகாய், கருவாடு, கடை சமோசா, பிஸ்கட் இதில் வருவதெல்லாம் பாக்கெட் கணக்குக்கு வெளியே. ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர் ஒரு நாளைக்கு 4 கிராம் சொச்சம் உப்பைக் குறைத்தால் மேல் அளவு சராசரியாக 5 புள்ளி இறங்குகிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒரு புள்ளி இறங்கும். மரபணு ஒன்று ஏற்றுவதே ஒரு புள்ளிக்கும் குறைவு என்று சொன்னோம். ஐந்து கிலோ எடையையும் கொஞ்சம் உப்பையும் குறைப்பவர் எத்தனை மரபணுக்களை எதிர்த்து நிற்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இதைச் செய்ய வேண்டியவர் நோயாளி மட்டும் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம். மாமனாருக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாக் குழம்பு, மற்றவர்களுக்கு வழக்கம்போல. இரண்டு நாளில் அவரும் பொதுச் சட்டிக்கு வந்துவிடுவார். அவருடைய ரத்தத்தில் வந்ததுதான் அவர் பிள்ளைகளின் ரத்தத்திலும் ஓடுகிறது. பொதுச் சட்டியிலேயே உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். உப்பு குறைவான பொட்டாசியம் உப்பு என்று கடைகளில் விற்பதை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மறைப்பதைப் பற்றியும் பேச வேண்டும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மூன்றில் ஒருவர்! மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் மறைக்கும்போது, அவர்கள் வீட்டிலும் ஒருவர் மாத்திரையை அலமாரிக்குள் மறைத்துவைத்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். உம்மாவுக்கு என்ன நோய் என்றே தெரியாமல் மகள் வளர்கிறாள், பிரசவ அறையில்தான் முதன்முதலாகத் தெரிகிறது. கர்ப்ப காலத்தில் ஐந்து மாதத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90ஐத் தொட்டு, சிறுநீரில் புரதமும் போவது தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்தானது. அது உம்மாவுக்கோ கூடப்பிறந்த ராத்தாவுக்கோ வந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். முன்கூட்டியே தெரிந்தால், 16 வாரத்துக்குள் சிறு அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்க முடியும். ஏழாம் மாதத்தில் போய்ச் சொன்னால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மாமியார்மார்களுக்கு ஒரு சொல். இது பெண் வீட்டுச் சொத்து மட்டும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செய்து 2001இல் வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட கர்ப்பத்தில் பிறந்த ஆண்களின் மனைவிமார்களுக்கும் அதே பிரச்சினை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உங்கள் மகனைச் சுமந்தபோது உங்களுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, சீக்கிரமே பிரசவம் பார்த்திருந்தால், அதை மருமகளிடமும் அவளுடைய டாக்டரிடமும் சொல்லுங்கள். "எங்க வீட்ல யாருக்கும் இப்படி ஆனதில்ல" என்று அவளைக் குத்திப் பேசுவதைவிட அது அவளுக்கு உதவும்.

யார் யார் அளந்து பார்க்க வேண்டும்? 18 வயது தாண்டிய எல்லோரும், வருடத்துக்கு ஒரு முறையாவது. பெற்றோருக்கு உள்ளவர்கள் கண்டிப்பாக. தலைவலி, மயக்கம் வந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். முப்பது வயதுக்குள் ஒருவருக்கு அதிக அழுத்தம் என்றால் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோய் உண்டு. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாராவது டயாலிசிஸ் செய்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் டீ, சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கை மேஜை மீது நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் அளக்க வேண்டும். பட்டை சட்டைக் கையின் மீது கட்டக் கூடாது. பெண்கள் பகுதியில் திரைக்குள் சகோதரிகள்தான் அளக்கிறார்கள், எனவே புர்காவின் கையை ஏற்றிவிடத் தயங்க வேண்டாம். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அகலப் பட்டை எங்களிடம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

எடையை வெறும் கிலோவில் பார்க்காமல் இடுப்பையும் அளங்கள். நம் நாட்டவருக்கு வெளியே ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு உண்டு. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. தையல்காரர் டேப் போதும்.

மாத்திரையைப் பற்றி ஒன்றே ஒன்று. "அளவு நார்மலுக்கு வந்துடுச்சு, நிறுத்திட்டேன்" என்பதுதான் நாங்கள் மாதந்தோறும் கேட்கும் சொல். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல். மரபோடு வந்தது ஒரு மாதத்தில் ஊரைவிட்டுப் போய்விடாது. ரமலானிலும் அப்படியே. நோன்புக்காகத் தாமாக மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பல மாத்திரைகள் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், அதை ஸஹரிலோ இஃப்தாரிலோ மாற்றிக்கொள்ளலாம். நீர் பிரியச் செய்யும் மாத்திரை என்றால் எந்த நேரம் என்பதை ஷஃபான் மாதமே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பு வைக்க இயலாத நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை வாங்க வசதியில்லை என்பவர்களுக்கு, அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்று வாசலில் ஒரு தாள் கொடுத்தோம். அதில் உங்கள் தாய், தகப்பன், இருவழித் தாத்தா பாட்டிகள், கூடப்பிறந்தவர்கள் என்று கட்டங்கள் இருக்கின்றன. அத்தா என்று கூப்பிட்டாலும் வாப்பா என்று கூப்பிட்டாலும் கட்டம் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் பிரஷர், சுகர், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பகால பிரஷர் இருந்ததா, எந்த வயதில் வந்தது என்று எழுதுங்கள். மவுத்தானவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பாட்டிமார்களுக்குத்தான் சரியாக நினைவிருக்கும். இந்தத் தாள் எங்களுக்குத் தர வேண்டியதில்லை. நகல் எடுத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்து, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போனில் படம் பிடித்து அனுப்பி, டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துப்போங்கள். எழுதுவதில் உதவி தேவைப்படுபவர்கள், இன்ஷா அல்லாஹ், அடுத்த முகாமன்று லுஹருக்கு முன்னால் வந்தால் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். பெண்கள் பகுதியிலும் அதற்கு ஆள் இருப்பார்கள்.

வஸ்ஸலாம்.